பினாங்கின் ஜாதிக்காய்த் தோப்புகள்

1796இல் மொலுக்கா தீவுகளை டச்சுக்காரர்களிடமிருந்து பறித்ததுமே ஆங்கிலேயரின் கண் ஜாதிக்காய் மரத்தின்மேல் விழுந்தது. அதுவரை ஐரோப்பாவுக்குப் போன ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் பெரும்பாலும் அங்குள்ள பண்டாத் தீவுகளில் விளைந்தவை. டச்சுக் கம்பெனி அந்த வியாபாரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித் ஆயிரக்கணக்கான கன்றுகளைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்.

1786இல் அந்தக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் கொடியேற்றியபோது பினாங்குத் தீவில் பெரும்பகுதி காடுதான். வெட்டித் திருத்திய நிலத்தில் முதலில் மிளகு படர்ந்தது. மிளகு விலை விழுந்ததும் முதலாளிகள் ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் மாறினார்கள். தீவின் குளுகோர் பகுதியில் டேவிட் பிரவுன் என்ற முதலாளி பெரிய தோட்டம் போட்டார்.

அவசரக்காரர்களுக்கு ஏற்ற மரமல்ல ஜாதிக்காய். பூக்கவே ஆறேழு ஆண்டாகும். பூத்த பிறகுதான் ஆண் மரமா பெண் மரமா என்று தெரியும், ஆண் காய்க்காது. மகரந்தத்துக்கென்று சிலவற்றை விட்டுவிட்டு மற்ற ஆண் மரங்களை வெட்டவேண்டும், அத்தனை ஆண்டு உரமிட்டு வளர்த்த பின்! அப்படியும் போட்டி போட்டு நட்டார்கள். 1860களில் நோய் வந்தது. மரங்கள் பட்டுப்போயின, பெருந்தோட்டக்காரர்கள் கைகழுவினார்கள்.

கம்பெனியின் பொறுமை அதற்கு முன்பே தீர்ந்திருந்தது. பினாங்கில் அதற்காக ஸ்மித் வளர்த்த தோட்டம் சில ஆண்டுகளிலேயே விலைபோனது. 1822இல் தொடங்கிய இரண்டாவது தோட்டத்தையும் 1834இல் விற்றார்கள். மூன்றாவதுதான் நிலைத்தது: 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ், தைப்பூசக் காவடிகள் போகும் தண்ணீர்மலைக்குப் பக்கத்தில், பழைய கல்லுடைப்புக் குழியில் உருவாக்கிய தாவரவியல் பூங்கா. தோட்டம், காடு இரண்டும் அவர் பொறுப்பில் இருந்தன.

இன்று நகரத்தில் மரம் என்றால் நிழல்தான். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனின் சாலைகளுக்கு நிழல் தருவதில் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரத்துக்கும் பங்குண்டு. நகரத்துச் சூட்டைத் தணிக்க மரம் நடுவது, ஐ.நா. வாழ்விட அமைப்பும் திங்க் சிட்டி என்ற மலேசிய நிறுவனமும் பங்குபெறும் காலநிலைத் திட்டத்திலும் இடம்பெற்றுள்ளது.

ஆனால் மரத்தால் பிழைப்பு நடக்குமா என்று பார்க்க, தீவின் தென்மேற்கிலுள்ள பாலிக் புலாவுக்குத்தான் போகவேண்டும். அங்கே ஜாதிக்காய் தனித் தோட்டமாக அல்ல, டுரியானோடும் ரம்புத்தானோடும் கலந்து சிறு தோப்புகளில் நிற்கிறது. ஒரே மரத்தை நம்பி நட்டவர்களை நோய் விழுங்கியது. கலந்து நட்டவருக்கு ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். டுரியானுக்குப் பருவம் உண்டு, ஜாதிக்காயோ ஆண்டு முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்க்கும். ஐரோப்பிய வியாபாரி கொட்டையையும் பத்திரியையும் மட்டும் தேடினான். பினாங்குக்காரர்களோ அவன் ஒதுக்கிய புளிப்புச் சதையைச் சர்க்கரையில் ஊறவைத்தும், சாறு பிழிந்தும் விற்கிறார்கள்.