கொலையாளிக்குப் பெயர் தந்த கடிதம்

2001இல் வெளிவந்த 'ஃப்ரம் ஹெல்' திரைப்படத்தின் தலைப்பு, 1888 அக்டோபரில் லண்டன் வைட்சேப்பல் கண்காணிப்புக் குழுத் தலைவர் ஜார்ஜ் லஸ்க்குக்கு வந்த கடிதத்தின் தொடக்கச் சொற்களாகும். அதற்கு முந்தைய மாதம் சென்ட்ரல் நியூஸ் செய்தி முகமைக்கு வந்த கடிதமோ 'ஜாக் த ரிப்பர்' என்னும் பெயரையே உருவாக்கியது. அதை எழுதியவர் செய்தியாளர் ஒருவரே எனக் காவல்துறை உயரதிகாரிகள் சிலர் பின்னாளில் கருதினர். அக்கடிதத்தையும் அதைத் தொடர்ந்து வந்த 'சாசி ஜாக்கி' அஞ்சலட்டையையும் ஒருவரே எழுதியிருக்கக்கூடும் என்பதற்கு, மொழியியலாளர் ஆண்ட்ரியா நினி 2018இல் சொற்சேர்க்கைகளின் வழியே சான்று காட்டினார்.

திரைப்படம் அரச மருத்துவர் வில்லியம் கல்லைக் கொலையாளியாக்குகிறது. கொலைகள் நிகழ்ந்தபோது அவருக்கு வயது 71. முந்தைய ஆண்டே பக்கவாதத்துக்கு ஆளாகியிருந்தார். துப்பறியும் ஆய்வாளர் ஆபர்லைன் படத்தில் அபினுக்கு அடிமையாகி இளமையிலேயே மாள்கிறார். வரலாற்றில் 1929 வரை வாழ்ந்தார்.

இத்திரிபுகளைவிடக் கடுமையானது வேறொன்று. மேரி ஆன் நிக்கோல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி ஆகிய ஐவரையும் 'விலைமகளிர்' என்னும் ஒற்றைச் சொல்லில் படம் அடக்கிவிடுகிறது. அவர்களுள் மூவர் அத்தொழில் செய்ததற்குச் சான்றே இல்லை என வரலாற்றாசிரியர் ஹாலி ரூபன்ஹோல்ட் 2019இல் வாதிட்டார். அடையாளம் தெரியாத கொலையாளிக்கு ஒரு கடிதம் பெயர் தந்தது. பெயருடன் வாழ்ந்த பெண்களிடமிருந்து ஒரு சொல் அவர்தம் வாழ்வைப் பறித்தது. வகைப்படுத்தும் சொல்லையும் சான்று கேட்டுச் சோதிப்பதே வரலாற்றின் கடமை.