சக்தி குழுவும் கர்நாடகத் தாளமும்: பெரன்ட்டின் காலப் பகுப்புக்கு ஒரு மறுப்பு

ஜாஸ் வரலாற்றாசிரியர்களில் யோவாகிம்-எர்ன்ஸ்ட் பெரன்ட் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றவர்கள் மிகச் சிலர். 1953இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்து, பின்னர் பலமுறை விரித்தெழுதப்பட்ட அவருடைய ஜாஸ் நூல், ஒவ்வொரு காலத்துக்கும் ஓரிரு கலைஞர்களை அடையாளமாக நிறுத்துகிறது. ஆம்ஸ்ட்ராங், எலிங்டன், பார்க்கர், கோல்ட்ரேன் என்று நீளும் வரிசையில் 1970கள் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினுக்கு உரியவையாகின்றன. இந்த அமைப்பே ஒரு வாசிப்புதான். இதை ஏற்றால், சக்தி குழு மெக்லாக்லினின் தனி வளர்ச்சியில் ஒரு படி ஆகிவிடுகிறது; அவருடைய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழுவின் மின்னிசை ஓய்ந்தபின் வந்த அமைதிக் கட்டம் என்று அதைக் கடந்துபோய்விடலாம். இந்த வாசிப்பு இரண்டு இடங்களில் தவறுகிறது என்பது என் வாதம்: ஒன்று காலவரிசை, மற்றொன்று தாளம்.

பெரன்ட் இந்திய இசை அறியாதவர் அல்லர். 1967இல் அவர் தயாரித்த ‘ஜாஸ் மீட்ஸ் இந்தியா’ இசைத்தட்டில் இரேனே ஷ்வைட்சரின் மூவர் குழுவும் சிதார் கலைஞர் திவான் மோதிஹாரின் மூவர் குழுவும் சேர்ந்து வாசித்தன. அதில் தப்லா வாசித்த கேஷவ் சாத்தேதான், லண்டனில் ஜோ ஹாரியட்டும் ஜான் மேயரும் நடத்திய இந்தோ-ஜாஸ் முயற்சியிலும் தப்லா வாசித்தவர். ஆகவே பெரன்ட் அருகிருந்து கேட்ட இந்தியா, சிதாரும் தப்லாவுமான இந்துஸ்தானி இந்தியா. சக்தியை அளக்க இந்த அளவுகோல் போதாது. அதன் முதல் ஐவரில் மூவர் கர்நாடக இசைக்காரர்கள்: வயலின் எல். சங்கர், மிருதங்கம் ராம்நாட் ராகவன், கடம் டி.எச். விநாயக்ராம். தப்லா வாசித்த ஜாகிர் உசேன் ஒருவரே வடக்கத்தி மரபினர்.

இவர்கள் கூடியதற்குப் பின்னால் ஒரு கல்வி நிலையமும் இருக்கிறது. கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மெக்லாக்லின் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். ராகவன் அங்கே மிருதங்க ஆசிரியர். சங்கர் அங்கே ஆய்வு மாணவர். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகனான சங்கர், கச்சேரி மேடையில் பக்கவாத்தியம் வாசித்துத் தேர்ந்தபின் அங்கு சென்றவர். ஆக, மெக்லாக்லின் அந்த வட்டத்துக்குள் மாணவராக நுழைந்தார்.

காலவரிசைக்கு வருவோம். குழு தோன்றிய ஆண்டு 1973 என்றும் 1974 என்றும் 1975 என்றும் பலவாறாகக் குறிக்கப்படுகிறது. எதை நிலைநாட்டவும் இப்போதுள்ள சான்று போதாது. உறுதியாகக் கைக்கொள்ளத்தக்கது 1975 ஜூலை 5 ஒன்றே. லாங் ஐலண்டின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் முதல் இசைத்தட்டு நேரடியாகப் பதிவான நாள் அது. அதில் இடம்பெற்ற ‘லோட்டஸ் ஃபீட்’ என்ற உருப்படி, அதே கோடையில் பிரான்சில் பதிவான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் ‘இன்னர் வேர்ல்ட்ஸ்’ தட்டிலும் உண்டு. கிதார் சிந்தசைசர் முன்னிற்கும் ஒரு தட்டிலும், மின்கருவியே இல்லாத ஒரு தட்டிலும் ஒரே மெட்டு. இடைவெளி சில வாரங்களே. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது என்ற கட்டப் பகுப்பு இந்த இரு பாடங்களின் முன் நிற்காது. மெக்லாக்லின் இரு வேலைகளையும் ஒருசேரச் செய்துகொண்டிருந்தார்.

தாளத்தைப் பற்றிய என் சான்று இதைவிட மெலிந்தது. ஆனால் விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 1976இல் வந்த ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ தட்டில் ராகவன் இல்லை, ஐவர் நால்வராகியிருந்தனர். கர்நாடகக் கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கம் வழிகாட்ட, தனி ஆவர்த்தனத்தில் தன் முறை வரும்வரை அது காத்திருக்கும். மிருதங்கம் விலகிய மேடையில் கடம் தப்லாவுக்குச் சரிநிகராக உட்கார்ந்தது. அந்தத் தட்டின் முதல் உருப்படியான ‘லா தான்ஸ் து பொனர்’ எப்படித் தொடங்குகிறது என்று கவனியுங்கள். கிதாரும் வயலினும் வாய் திறக்குமுன் கொன்னக்கோல் கேட்கிறது. குரலில் உருண்டோடும் சொற்கட்டுகள்தாம் நடையை நிறுவுகின்றன. நரம்புக் கருவிகள் அந்தக் கணக்குக்குள் வந்து சேர்கின்றன. மெட்டுக்குத் தாளம் துணைபோகும் இசையில் இந்த எடுப்புக்கு இடமிராது.

ஒரே ஒரு தொடக்கத்தை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கலாம். உருப்படிகள் பெரும்பாலும் மெக்லாக்லின், சங்கர் பெயர்களில் பதிவானவை என்பதும் உண்மை. ஆயினும் இயற்றியவர் பெயர் மெட்டுக்கு உரிமை கூறுமே தவிர, கோர்வையும் தீர்மானமும் எவர் கையில் பிறந்தன என்பதைச் சொல்லாது. பிற்காலமும் என் பக்கமே சாய்கிறது. 1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்று குழு மீண்டபோது விநாயக்ராம் இருந்தார். அடுத்து அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அந்த இடத்துக்கு வந்தார். அந்தச் செல்வகணேஷோடு சேர்ந்து மெக்லாக்லின் கொன்னக்கோல் பாடக் காணொளி ஒன்றையே வெளியிட்டார். 2023இல் ‘திஸ் மொமென்ட்’ வெளிவந்து, மறு ஆண்டு கிராமி விருது பெற்றபோதும் செல்வகணேஷ் குழுவில் இருந்தார். நரம்பு வரிசையில் சங்கர் போய் மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் வந்தார், பின்பு வயலினோடு கணேஷ் ராஜகோபாலன் வந்தார். விநாயக்ராம் வீட்டுத் தாளம் மட்டும் தொடர்ந்தது.

மெக்லாக்லின் இல்லாமல் சக்தி இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதரின் பெயரை ஒரு பத்தாண்டுக்குச் சூட்டும் முறை, அவருக்குக் கற்பித்தவர்களையும் அவரோடு கணக்குப் போட்டவர்களையும் வரலாற்றின் ஓரத்துக்குத் தள்ளுகிறது. சக்தியின் தோற்ற ஆண்டைத் தேடுவோர் மெக்லாக்லினின் வாழ்க்கைக் குறிப்புகளை விட்டு, வெஸ்லியனின் கச்சேரி நிரல்களிலிருந்தும் வகுப்புப் பதிவேடுகளிலிருந்தும் தொடங்குவதே முறை.