ஹேம்ஸ்டெட் கொடிப்பந்தல்

தூண்களை இரு வரிசையாக நிறுத்தி, மேலே மரச்சட்டங்களைக் குறுக்காகப் பரப்பிக் கொடிகளைப் படரவிட்டு, அடியில் நடைவழி அமைத்தால் அது கொடிப்பந்தல். மேலைநாட்டார் இதனைப் பெர்கொலா என்பர். இலத்தீன் மொழியின் பெர்குலா என்னும் சொல்லே இதற்கு மூலம். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரத்தார் திராட்சைப் பந்தலின் நிழலில் அமர்ந்து விருந்துண்டனர். இங்கிலாந்திலோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது செல்வர் தோட்டங்களின் அணிகலனாயிற்று.

அவற்றுள் இலண்டனின் வடபால், ஹேம்ஸ்டெட் பொதுவெளியை ஒட்டி நிற்கும் பந்தலின் வரலாறு தனித்தன்மை உடையது. சவர்க்கார வாணிகத்தால் பெருஞ்செல்வரான வில்லியம் லீவர் 1904இல் அங்கொரு மாளிகையை வாங்கினார். பொதுவெளியின் அழகு தமக்குத் தெரிய வேண்டும். அங்கு உலவும் மக்களின் பார்வையோ தம் தோட்டத்தின்மீது படலாகாது. இதற்கு நிலத்தையே உயர்த்தியாக வேண்டும். தோட்டக்கலைஞர் தாமஸ் மாசன் அப்பணியை ஏற்றார். மண்ணுக்கு எங்கே போவது? அவ்வேளையில் அருகே சுரங்க இரயில் பாதை குடையப்பட்டு வந்தது. தோண்டிய மண்ணைக் கொட்ட இடம் தேடியவர்களிடம், வண்டிக்கு இவ்வளவு எனக் கட்டணமும் பெற்றுக்கொண்டு, லீவர் அதைத் தம் நிலத்தில் கொட்டச் செய்தார். விலை கொடுத்து வாங்க வேண்டிய மண்ணால் பொருளீட்டினார், வணிகர் அல்லரோ!

1911இல் அடுத்த மனையையும் வாங்கினார். இரண்டிற்கும் இடையே பொதுப்பாதை ஒன்று கிடந்தது. அதை மூட நகராட்சியினர் இசையவில்லை. எனவே பாதைக்கு மேலே கற்பாலம் எழுந்தது. கீழே மக்கள் வழி மக்கள் வழியாகவே நிலைத்தது.

அதே 1911இல் லீவர் பெல்ஜிய அரசுடன் உடன்பாடு செய்து, காங்கோவில் பரந்த செம்பனைக் காடுகளைத் தம் கைக்குள் கொண்டுவந்தார். சவர்க்காரத்திற்கு எண்ணெய் வேண்டுமே! நெடிய மரங்களில் ஏறிக் குலை வெட்டிய ஆப்பிரிக்கர் பலர் கட்டாயத்தால் வேலைக்கு இழுக்கப்பட்டவர்கள். இங்கிலாந்தில் தம் ஆலைத் தொழிலாளர்க்குப் போர்ட் சன்லைட் என்னும் அழகிய சிற்றூரையே அமைத்துத் தந்தவரும் இவரே. பந்தலின் தூண்களை எண்ணி வியப்போர் அக்குலைகளையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

பந்தலின் இறுதிப் பகுதி 1925இல் நிறைவுற்றது. அவ்வாண்டு மே மாதத்தில் லீவர் மறைந்தார். பின்னர்ப் பராமரிப்பின்றிச் சட்டங்கள் உளுத்தன. இலண்டன் மாவட்ட மன்றம் 1960இல் அதை வாங்கி, 1963இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஏறத்தாழ 800 அடி நீளமுள்ள அந்நடைவழியில் இன்று எவரும் உலவலாம். நுழைவுக் கட்டணம் இல்லை.