நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு குரல்

விழுப்புரம் ஜங்ஷனுக்கு ஐந்து திசைகளிலிருந்து தண்டவாளங்கள் வந்து சேருகின்றன. சென்னை, புதுச்சேரி, காட்பாடி, கடலூர், விருத்தாசலம். வானொலி அலைகளுக்கும் இந்த ஊர் ஒரு ஜங்ஷன்தான். சென்னை கேட்டது, திருச்சி கேட்டது, புதுச்சேரி கேட்டது, கடல் தாண்டி இலங்கையும் கேட்டது. ஆனால் நிகழ்ச்சி தயாரித்து ஒலிபரப்பும் ஆல் இந்தியா ரேடியோ நிலையம் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ அமையவில்லை. இரண்டு ஊருக்கும் பக்கத்து நிலையம் புதுச்சேரி. இரண்டிலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர்.

அதனால் என்ன, கேட்டால் போதாதா என்று தோன்றலாம். உள்ளூர் ஒலிபரப்பு என்று நாம் எதைச் சொல்கிறோம், அது இல்லாமல் போனால் நிஜமாகவே என்ன நஷ்டம் என்று பார்த்தால், போதாது என்றுதான் எனக்குப் படுகிறது.

பூங்காவில் வைத்த ஒலிபெருக்கி

தமிழ்நாட்டில் வானொலி தொடங்கியதே ஒரு ஊருக்கான சங்கதியாகத்தான். 1924ல் சென்னையில் மாகாண ரேடியோ கிளப் என்று ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஒலிபரப்பினார்கள். மூன்று வருஷத்தில் பணம் தீர்ந்தது. கருவியை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். 1930 ஏப்ரலில் மாநகராட்சி அதை எடுத்து நடத்தத் தொடங்கியது. குப்பை அள்ளுவது, தெருவிளக்கு போடுவது மாதிரி ஒலிபரப்பும் ஒரு நகரசபை வேலையாக இருந்த காலம் அது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள், பள்ளிகளுக்கும் நிகழ்ச்சி போனது. 1938ல் ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் வந்ததும் அந்த அத்தியாயம் முடிந்தது. அடுத்த ஆண்டு, 1939ல், திருச்சி நிலையம் வந்தது.

வீட்டுக்கு வீடு ரேடியோ வருவதற்கு இன்னும் பல வருஷம் இருந்தது. கிராமத்துக்கு முதலில் வந்தது பஞ்சாயத்து ரேடியோ. ஒரு சின்ன அறை, உள்ளே பெட்டி, மேலே கூம்பு ஒலிபெருக்கி. சாயங்காலமானால் யாராவது வந்து போட்டுவிட்டுப் போவார்கள். ஊர் உட்கார்ந்து கேட்கும். பல கிராமங்களில் இன்றைக்கும் அந்த அறை நிற்கிறது; கதவு இருக்காது, இல்லாவிட்டால் உள்ளே மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கும். அந்த அறை எந்தத் தெருவில் கட்டப்பட்டது, யார் போய் உட்காரலாம், யார் தூர நின்று கேட்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் சாதியின் வரலாறும்தான். அலை எல்லார் காதுக்கும் ஒன்றாகப் போகும். திண்ணை அப்படியில்லை.

கேட்டால் போதுமா?

இந்தக் கேள்வியை இந்தியாவில் முறையாகச் சோதித்துப் பார்த்தது 1956ல், புனேவில். யுனெஸ்கோ உதவியுடன் ஆல் இந்தியா ரேடியோ அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கேட்போர் மன்றம். வாரத்துக்கு இரண்டு என்று பத்து வாரத்தில் 20 நிகழ்ச்சிகள். நிகழ்ச்சி முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்து பேச வேண்டும், சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும், அவற்றுக்குப் பதில் ரேடியோவிலேயே வரும். பால் நியூராத் என்ற சமூகவியலாளர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் வழியாக இதை மதிப்பிட்டார். மன்றம் இருந்த கிராமங்கள், ரேடியோ மட்டும் இருந்த கிராமங்கள், ரேடியோவே இல்லாத கிராமங்கள் என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

மன்றம் இருந்த கிராமங்களில் மக்களுக்குத் தெரிந்த விஷயங்கள் வெகுவாகக் கூடியிருந்தன. ரேடியோ மட்டும் இருந்த கிராமங்களில் அந்த அளவுக்கு மாற்றமே இல்லை. பெட்டியை வைத்துவிட்டுப் போனால் வேலை நடக்காது. கேட்டவன் திருப்பிப் பேச ஒரு வழி வேண்டும். 1959ல் இந்தத் திட்டம் நாடு முழுக்க விரிந்தது. விரிந்தபோது மன்றங்களின் எண்ணிக்கை ஏறியது. பதில் சொல்ல ஆள் இருக்கிற நிலையங்களின் எண்ணிக்கை அதே வேகத்தில் ஏறவில்லை.

ரேடியோ நெல்லும் மல்லாட்டையும்

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பெரிய வெற்றிக்கதை உண்டு. 1966ல் திருச்சி உட்பட சில நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். அப்போது தஞ்சையில் குறுவைக்கு ஏற்ற ஏ.டி.டி.27 என்ற புது நெல் பரவிக்கொண்டிருந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசியதில், அந்த ரகத்துக்கு ஜனங்கள் வைத்த பேரே ‘ரேடியோ நெல்’. வானொலியின் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்வார்கள். அது காவிரிக் கரையின் கதை.

தென்னார்க்காட்டின் கதை வேறு. இங்கே நிலத்தில் பாதி வானத்தைப் பார்த்துக்கிடக்கும் மானாவாரி. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு ‘டி.எம்.வி.’ என்று பேர். திண்டிவனம் என்பதன் சுருக்கம் அது. குடியாத்தம் ரகத்திலிருந்து தெரிவு செய்து 1940ல் வெளியிட்ட டி.எம்.வி.2 இந்தியாவின் பல மாநிலங்களுக்குப் போனது. டி.எம்.வி.7 வந்தது 1967ல். அதே 1967 செப்டம்பரில்தான் புதுச்சேரி வானொலி நிலையமும் தொடங்கியது. கடலைக்குப் புது விதையும் அதைப் பற்றிப் பேசப் பக்கத்திலேயே ஒரு நிலையமும் ஒரே வருஷத்தில்!

இங்கே ஒரு சொல் விவகாரம் இருக்கிறது. புத்தகத்தில் அது நிலக்கடலை. சென்னையில் வேர்க்கடலை. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டையாகி மல்லாட்டையானது. ‘மல்லாட்ட போட்டிருக்கேன்’ என்றுதான் சொல்வார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காரவைத்து, ‘நிலக்கடலை சாகுபடியில் உங்கள் அனுபவம் என்ன?’ என்று கேட்டால் அதே ஆள் கொஞ்சம் நிமிர்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தன் வாயில் இல்லாத ஒரு தமிழில் பேச ஆரம்பிப்பார். அந்த நிமிஷத்தில் அவருடைய அனுபவத்தில் பாதி வெளியே நின்றுவிடும்.

சொல்லைவிடப் பெரிய விஷயம் நேரம். மல்லாட்டைக்குச் சிவப்புக் கம்பளிப்புழு என்று ஒரு எதிரி உண்டு. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகத் தூங்கிக்கொண்டிருக்கும். நல்ல மழை ஒன்று பெய்தால் இரண்டு மூன்று நாளில் அந்துப்பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பும். அன்றைக்கு ராத்திரி ஊரே சேர்ந்து வயலோரம் விளக்குப்பொறி வைத்தோ தீ மூட்டியோ அழித்தால் பயிர் பிழைக்கும். ஒருத்தர் மட்டும் மூட்டிப் பிரயோஜனமில்லை, ஒரு வாரம் கழித்து மூட்டியும் பிரயோஜனமில்லை. இதற்கு வேண்டியது ‘தமிழகத்தில் பரவலாக மழை’ என்ற செய்தி அல்ல. ‘மயிலம், கூட்டேரிப்பட்டு பக்கம் நேற்று ராத்திரி நல்ல மழை, நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் தயாரா இருங்க’ என்று சொல்லும் ஒரு குரல். எங்கே மழை பெய்தது என்று தெரிந்திருக்க வேண்டுமானால் நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பண்ணை ஒலிபரப்பிலிருந்து வந்தவர்களுக்கு இந்த நெருக்கம் கைவந்தது. ‘இன்று ஒரு தகவல்’ சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதனை நமக்கெல்லாம் கதைசொல்லியாகத் தெரியும். அவர் வேளாண்மை படித்தவர். சென்னைக்கு வருமுன் திருநெல்வேலி வானொலியில் உழவர்களுக்கான நிகழ்ச்சி நடத்தியவர். எதிரில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிற மாதிரி அவர் பேசிய பேச்சுக்கு அந்த வயல்காட்டுப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தொலைக்காட்சி வந்த வழி

தொலைக்காட்சியில் உள்ளூர் என்பதற்கு இந்தியாவின் பெரிய உதாரணம் குஜராத்தின் கேடா மாவட்டம். 1975ல் இஸ்ரோ அங்கே பீஜ் என்ற ஊரில் ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டரை வைத்தது. சுமார் 400 கிராமங்களுக்குப் பொதுப்பெட்டி. கிராமத்து ஆட்களையே நடிக்கவைத்து, குறைந்த கூலி, தீண்டாமை, கூட்டுறவுச் சங்க ஊழல் என்று அவர்கள் பிரச்சினைகளையே நாடகமாக எடுத்தார்கள். 1984ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அதற்குப் பிறகு, அந்த டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிச் சென்னையில் இரண்டாவது சேனலுக்குக் கொண்டுபோகலாம் என்று பேச்சு வந்தது. ஊர்மக்கள் எதிர்த்தார்கள். ஆனாலும் 1990ல் பீஜ் மூடப்பட்டது. ஒரு பெருநகரத்துக்குக் கூடுதலாக ஒரு சேனல் வேண்டும் என்றால் கிராமத்தின் ஒரே சேனலைக் கைவைக்கலாம் என்று நினைக்க முடிந்திருக்கிறது!

நம் பக்கம் சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. திண்டிவனத்துக்கு அது 120 கிலோமீட்டருக்கும் மேல். உயரக் குழாயில் ஆன்டெனா, பூஸ்டர், ‘தெரியுதா, தெரியுதா’ என்று மொட்டைமாடியிலிருந்து ஒரு கூவல். ‘வயலும் வாழ்வும்’ போகும் நேரத்தில் சிலர் எழுந்துபோவார்கள், வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் இடம் கிடைக்காது. 1993ல் சன் டிவி வந்தபிறகு அந்த ஆன்டெனாவுக்கும் வேலை குறைந்தது. 2022 மார்ச்சுக்குள், எல்லையோரம் மாதிரியான சுமார் 50 இடங்களைத் தவிர, நாட்டின் தரைவழித் தொலைக்காட்சி டிரான்ஸ்மிட்டர்களை எல்லாம் பிரசார் பாரதி நிறுத்துவதாக அறிவித்தது. பொதுத் தொலைக்காட்சி செயற்கைக்கோளுக்குப் போனது. செயற்கைக்கோளுக்கு மயிலமும் தெரியாது, மரக்காணமும் தெரியாது. ஊர்த் திருவிழாவையும் திறப்புவிழாவையும் காட்டியது கேபிள்காரர்களின் லோக்கல் சேனல்தான். அதை யாரும் மக்கள் தொலைக்காட்சி என்று அழைக்கவில்லை. ஆனால் திரௌபதி அம்மன் தீமிதி அதில்தான் நேரடியாக வந்தது.

ஃபெஞ்சல்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரை முழுக்க வெள்ளம். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் அபாய அளவைத் தாண்டித் தண்ணீர் ஓடியதால் ரயில்கள் நின்றன. அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையும் மூழ்கியது. முன்கூட்டியே சரியாக எச்சரித்தார்களா இல்லையா என்று அப்புறம் அரசியல் சண்டை நடந்தது.

எச்சரிக்கை கொடுத்ததாகவே வைத்துக்கொள்வோம். எதன் வழியாக வரும்? மின்சாரம் போனால் செல்போன் கோபுரம் பேட்டரி தீரும் வரைதான். வாட்ஸப்பில் வருவதில் எது இன்றைய வீடியோ, எது மூன்று வருஷத்துக்கு முந்தையது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள இன்டர்நெட் வேண்டும். இரண்டு பேட்டரி போட்ட டிரான்சிஸ்டருக்கு இது எதுவும் வேண்டாம். ஆனால் அந்த டிரான்சிஸ்டரில், ‘திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஆற்றோரம் இருக்கறவங்க இப்பவே மேட்டுக்குப் போங்க, இந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கு’ என்று சொல்ல ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டுமே. மாநிலம் முழுமைக்குமான ஒரு செய்தியறிக்கையில் அந்த ஊருக்கு அதிகபட்சம் ஒரு வாக்கியம் கிடைக்கும்.

ஒரு மாதத்தை நிரப்பிப் பார்த்தால்

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995ல் சொன்னது. 2006ல் மத்திய அரசு சமுதாய வானொலிக்கான கொள்கையைத் தளர்த்தி, கல்லூரிகளோடு தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி தந்தது. 50 வாட் டிரான்ஸ்மிட்டர், 30 மீட்டர் கோபுரம், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவு. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் செய்யப்பட வேண்டும், கூடியவரை உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் இருக்க வேண்டும் என்று அந்தக் கொள்கையிலேயே இருக்கிறது. அதாவது மல்லாட்டை என்று சொல்ல அரசு அனுமதி உண்டு! சொந்தமாகச் செய்தி தயாரிக்கத்தான் அனுமதி இல்லை. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் நடத்தும் ‘புதுவை வாணி’ இந்த வகைதான்.

சரி, ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஆடி. தினமும் அரை மணி நேரம் என்றால் மாதத்துக்கு 15 மணி நேரம். விழுப்புரம், திண்டிவனத்துக்கு அதை எப்படி நிரப்புவது?

காலையில் கமிட்டி விலை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இன்றைக்கு மல்லாட்டை மூட்டை என்ன போகிறது, எள் என்ன போகிறது. மழை பெய்த மறுநாள் அந்துப்பூச்சி அறிவிப்பு. மரக்காணத்து மீனவர்களுக்குக் கடல் நிலவரம், உப்பளத்துக்கு வெயில் நிலவரம். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டத்துக்கு எந்த வழியில் பஸ் என்று ஒரு தகவல். செஞ்சிப் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் வாரம் ஒரு ராத்திரியாகப் பாரதம் சொல்லலாம். சாதிச் சான்றிதழுக்கு அலையும் இருளர் குடும்பங்களுக்கு, எந்தக் காகிதத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்று தாலுகா அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்து பதில் சொல்லட்டும். செங்கல் சூளையிலிருந்து திரும்பிவந்த ஒரு பெண் தன் கணக்கைத் தானே சொல்லட்டும், யாரும் அவர் தமிழைத் திருத்த வேண்டாம்.

எழுதிப் பார்த்தால் 15 மணி நேரம் போதவில்லை. உள்ளூரில் அப்படி என்ன விஷயம் இருக்கிறது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். புனேயில் 1956லேயே கண்டுபிடித்தது இதைத்தான்: பேச விட்டால் பேசுவார்கள், பதில் கிடைத்தால் செய்வார்கள். பஞ்சாயத்து ரேடியோ அறைகள் மேடானபோது நாம் இழந்தது பாட்டையும் செய்தியையும் இல்லை. அதெல்லாம் இப்போது ஆளுக்கொரு கையில் இருக்கிறது. கேட்டுவிட்டு ஊர் உட்கார்ந்து பேசுகிற அந்த அரை மணி நேரம் யார் கையிலும் இல்லை.