கிரீசஸைப் போன்ற செல்வர்

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் உள்ள துவாஸ் பெரும்பகுதியும் ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம். மலாய் மீனவர்கள் தென்னை ஓலைகளைக் கடலில் போட்டு, நிழல் தேடி வரும் மீன்களை வலையில் பிடித்த முறையிலிருந்தே இப்பெயர் வந்தது என்பர். கடலை மணலால் தூர்த்து அங்கே ஆலைகளை எழுப்பினர். 2022இல் மாபெரும் துறைமுகமும் அங்கே திறக்கப்பட்டது. மணல் செல்வமானது.

மணலால் செல்வம் பெற்ற ஓர் அரசனை ஆங்கிலமொழி இன்றும் மறக்கவில்லை. அளவிறந்த செல்வம் உடையவரை, 'ரிச் ஆஸ் கிரீசஸ்' என்பார்கள். வசதியாக வாழ்பவருக்கெல்லாம் இத்தொடர் பொருந்தாது. நாம் குபேரன் என்று யாரைச் சொல்வோமோ அவருக்கே பொருந்தும். ஆனால் குபேரன் தேவன், கிரீசஸோ மனிதன்.

இன்றைய துருக்கியின் மேற்கே இருந்த லிடியா நாட்டை அவன் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஆண்டான். தலைநகர் சார்டிஸ். அங்கு ஓடிய பக்டோலஸ் ஆற்றின் மணலில் பொன் கிடைத்தது. அதில் கலந்திருந்த வெள்ளியை, உப்பிட்டுச் சூடேற்றிப் பிரித்தார்கள். அவ்வாறு பிரித்த பட்டறையை ஆய்வாளர்கள் 1968இல் அகழ்ந்து கண்டனர். பொன்னுக்கும் வெள்ளிக்கும் தனித்தனி நாணயம் வெளியிட்ட பெருமையும் அவனுக்கே தரப்படுகிறது.

ஏதென்ஸ் நகரத்து அறிஞர் சோலனிடம் தன் கருவூலத்தைக் காட்டி, "உலகில் இன்பமாக வாழ்ந்தவர் யார்?" என்று அவன் கேட்டதாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். காலக்கணக்கு பொருந்தாததால் அச்சந்திப்பை அறிஞர் பலர் ஐயுறுகின்றனர். எனினும் கதையின் பொருள் பெரிது. சோலன் முதலில் கூறிய பெயர், நல்ல மக்களைப் பெற்று, ஊருக்காகப் போரிட்டு மாண்ட ஒரு குடிமகனுடையது. அடுத்து, எருதுகள் வந்து சேராதபோது தாயின் வண்டியைத் தாமே இழுத்துச் சென்ற இரு சகோதரர்களைக் கூறினார். முடிவைக் காணாமல் எவரையும் இன்பமானவர் என்று சொல்லக்கூடாது என்றார். பின்னர்ப் பாரசீக மன்னன் சைரஸ் சார்டிஸைப் பிடித்தான். கிரீசஸின் அரசு அழிந்தது.

தமிழ்நாட்டிலிருந்து வந்து துவாஸ் விடுதிகளில் தங்கி உழைக்கும் இளைஞர்களை நாம் அறிவோம். மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் அவர்களும் குடும்பம் என்னும் வண்டியைத் தோளில் இழுப்பவர்களே. கிரீசஸின் பெயரைச் சொல்லும்போது சோலனின் விடையையும் சேர்த்து நினைப்போமானால், அத்தொடரின் முழுப் பொருளும் நமக்கு விளங்கும்.