பன்றி முட்டையும் தோழிமாரும்

முகத்தைச் சுளிக்காதீங்க மக்கா, சுவாரசியமான கதைதான் :-)

சினைப்பையிலேர்ந்து வெளியே எடுத்த முட்டை செல் ஆய்வகத்துல தானாவே முதிரும்னு 1935-லயே முயல்ல பின்கஸும் என்ஸ்மனும் காட்டிட்டாங்க. 1965-ல ராபர்ட் எட்வர்ட்ஸ் பன்றி, மாடு, மனுஷன்னு வரிசையா முதிர வச்சார். (ஆமா, சோதனைக்குழாய்க் குழந்தைக்காக 2010-ல நோபல் வாங்கினவரேதான்.)

அப்ப இறைச்சிக்கூடத்துல வீணாப்போற சினைப்பைகளை வச்சே பன்றிக்குட்டி வரவழைக்கலாமே? அங்கதான் இடிச்சது. 1974-ல மோட்லிக்கும் ஃபுல்காவும் பார்த்தாங்க: விந்தணு உள்ளே போகுது, ஆனா அதோட தலை சரியா விரிய மாட்டேங்குது. முட்டையோட உட்கரு பழுத்தாச்சு, சுத்தியிருக்கிற சைட்டோபிளாசம் இன்னும் காய்!

முட்டையை மொய்ச்சுக்கிட்டு கல்யாணப் பொண்ணுக்குத் தோழிமார் மாதிரி குட்டிச் செல்கள் இருக்கும். க்யூமுலஸ்னு பேர். முட்டையோட ஓட்டைத் துளைச்சு மெல்லிசா கை நீட்டி ஊட்டி விடுறதே இவங்கதான். இத்தாலியில மத்தியோலி குழு முட்டையைத் தனியா விடாம, சினைப்பைச் செல்களோடயே வளர்த்துப் பார்த்தது. 1989-ல குட்டிகளும் பொறந்தன.

காரணம் பிறகுதான் தெளிவாச்சு. விந்தணு டி.என்.ஏ.வைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருக்கும். அதை அவிழ்க்கிறது முட்டைக்குள்ள இருக்கிற க்ளூட்டாதயோன். 1993-ல யோஷிடா குழு வளர்ப்புத் திரவத்துல சிஸ்டீன் சேர்த்ததும் க்ளூட்டாதயோன் கூடிச்சு, விந்தணுத் தலையும் விரிஞ்சுது. தோழிமாரை உரிச்செடுத்துட்டு வளர்த்த முட்டையில க்ளூட்டாதயோன் குறைஞ்சே போகுது.

பன்றி முட்டைக்குள்ள ரெண்டு மூணு விந்தணு ஒண்ணா நுழைஞ்சு தொல்லை பண்றது இன்னும் தீரலை. அது வேற கதை.