எழுத்தின் பெயரும் எழுத்தின் உருவமும்

ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தில், அச்சுக்கோப்பவரின் முன்னே சாய்வாக ஒரு மரத்தட்டு இருக்கும். அதில் சிறுசிறு அறைகள். அறைக்கு ஓர் எழுத்து. கண் கையெழுத்துப் படியைப் பார்க்கும். கை தானாகவே உரிய அறைக்குச் சென்று உரிய எழுத்தை எடுத்து வரும். கோத்து முடித்த பக்கத்தை நூலால் இறுகக் கட்டி எந்த அச்சு இயந்திரத்தில் ஏற்றினாலும் அதே எழுத்துதான் தாளில் விழும். ஏனெனில், எழுத்து பக்கத்தோடு கூடவே செல்கிறது.

கணிப்பொறியில் நிலைமை வேறு. பக்கத்தைத் தாங்கியிருக்கும் கோப்பில் பல சமயங்களில் எழுத்தின் உருவமே இருப்பதில்லை. "டைம்ஸ்-ரோமன் என்னும் எழுத்துருவை எடு, அதை 10 புள்ளி அளவாக்கு, இந்த இடத்தில் 65ஆம் எண்ணுக்குரிய எழுத்தை வை" என்பன போன்ற கட்டளைகளே இருக்கும். எழுத்துரு என்பது ஒரே பாணியில் வரையப்பட்ட எழுத்துகளின் முழுத் தொகுதி. கட்டளையில் அதன் பெயர் இருக்கிறது. உருவம் எங்கே இருக்கிறது? அதைக் காட்டிக் கொடுப்பது ஒரு சிறிய பட்டியல். இதை எழுத்துருப் பொருத்தக் கோப்பு எனலாம். எவரும் படிக்கக்கூடிய சாதாரண வரிகளால் ஆனது அது. ஆயினும், அதில் ஒரு வரி பிசகினால் பக்கம் முழுவதுமே உருமாறிவிடும். இந்தப் பட்டியல் எப்படித் தோன்றியது, எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் காண்போம்.

பேராசிரியரின் மனக்குறை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் கனூத், கணிப்பொறி நிரல் எழுதும் கலை பற்றிப் பல தொகுதிகளாக ஒரு பெருநூல் எழுதிவருபவர். அதன் முதல் தொகுதி 1968இல், உருக்கிய ஈயத்தில் எழுத்து வார்க்கும் மோனோடைப் முறையில் அச்சாயிற்று. 1977இல் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான மெய்ப்புகள் அவர் கைக்கு வந்தன. அதற்குள் பதிப்பகத்தார் ஒளிப்பட அச்சுக்கோப்பு முறைக்கு மாறியிருந்தனர். பழைய பதிப்பின் அழகு புதிய மெய்ப்பில் இல்லை. கனூத் மனம் நொந்தார். தம் நூலை அழகாக அச்சிடும் மென்பொருளைத் தாமே ஆக்குவதென முடிவு செய்தார். இங்ஙனம் பிறந்ததே 'டெக்'. எழுத்துகளை வரைவதற்கென 'மெட்டாஃபாண்ட்' என்னும் துணை மென்பொருளையும் அவர் படைத்தார்.

டெக் வேலை செய்யும் விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. எழுத்தின் வளைவும் நெளிவும் அதற்குத் தேவையில்லை. ஒவ்வோர் எழுத்தையும் அது வெறும் பெட்டியாகவே காண்கிறது. பெட்டியின் அகலம், உயரம், கோட்டுக்குக் கீழே இறங்கும் ஆழம் ஆகிய அளவுகள் தெரிந்தால் போதும். வரிகளைப் பிரித்து, பத்தியைச் சீராக்கி, பக்கத்தை முடித்துவிடும். அளவுகளில் மட்டும் அது மிகவும் கறாரானது. ஓர் அங்குலத்தில் 72.27 அச்சுப் புள்ளிகள். ஒரு புள்ளியை 65,536 பங்காக்கினால் கிடைப்பதே டெக்கின் அடிப்படை அலகு. இது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு; கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது!

டெக் இறுதியில் தரும் கோப்பில் எழுத்துருக்களின் பெயர்கள், எழுத்துகளின் எண்கள், அவை அமரவேண்டிய இடங்கள் ஆகியவை மட்டுமே இருக்கும். உருவத்தை எடுத்துப் பொருத்துவது அடுத்து வரும் வேறொரு மென்பொருளின் பொறுப்பு. ஆக, இடம் குறிப்பவர் ஒருவர், உருவம் தருபவர் மற்றொருவர் என்று வேலை பிரிந்துவிட்டது. இருவருக்கும் இடையே உள்ள ஒரே பாலம், பெயர்.

அச்சுப்பொறிக்குள் 35 எழுத்துருக்கள்

1982 டிசம்பரில் ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி ஆகிய இருவரும் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினர். 1984இல் அவர்கள் வெளியிட்ட 'போஸ்ட்ஸ்கிரிப்ட்', பக்கத்தை வருணிப்பதற்கென்றே அமைந்த கணிப்பொறி மொழி. 1985இல் வந்த ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறிக்குள் இந்த மொழியைப் புரிந்துகொள்ளும் அறிவும், 13 எழுத்துருக்களும் பொதிந்திருந்தன. டைம்ஸ், ஹெல்வெட்டிகா, கூரியர் ஆகிய மூன்று குடும்பங்களில் நந்நான்கும், கணிதக் குறிகளுக்கு ஒன்றுமாக இந்த 13. அடுத்த ஆண்டில் வந்த மாதிரியில் இவை 35 ஆயின.

எல்லா அச்சுப்பொறிகளிலும் இந்த 35 இருக்கும் என்ற நம்பிக்கை நாளடைவில் பரவியது. ஆகவே, உருவங்களைக் கோப்பில் வைத்து அனுப்ப எவரும் மெனக்கெடவில்லை. பெயரைச் சொன்னால் போதும், அச்சுப்பொறி எடுத்துக்கொள்ளும். நினைவகம் விலை உயர்ந்த பண்டமாக இருந்த அந்நாளில் இது பெரிய சிக்கனம்.

ஆனால், அந்த எழுத்துருக்களோ உரிமம் பெற்றவை. அவற்றை எழுதிய முறையையும் அடோபி நிறுவனம் மறைபொருளாகவே வைத்திருந்தது. 1989இல் ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் கைகோத்து 'ட்ரூடைப்' என்னும் போட்டி முறையை அறிவித்த பின்னரே, 1990இல் அடோபி தன் முறையை நூலாக வெளியிட்டது.

பொருத்தக் கோப்பு

1988இல் எல். பீட்டர் டாய்ச் என்னும் வல்லுநர் 'கோஸ்ட்ஸ்கிரிப்ட்' என்ற மென்பொருளை வெளியிட்டார். விலை உயர்ந்த அச்சுப்பொறி இல்லாமலே, போஸ்ட்ஸ்கிரிப்ட் பக்கங்களைக் கணிப்பொறித் திரையில் காணவும் சாதாரண அச்சுப்பொறியில் எடுக்கவும் அது வழி செய்தது. மூல நிரலும் எல்லாருக்கும் திறந்திருந்தது. ஆனால், கோப்பு "டைம்ஸ்-ரோமன் வேண்டும்" என்று கேட்கும்போது அது எதைக் கொடுக்கும்? அந்த எழுத்துரு அதனிடம் இல்லையே!

இந்த இடத்தில்தான் பொருத்தக் கோப்பு கைகொடுத்தது. அதன் வரிகளைத் தமிழில் எழுதிக் காட்டினால் இப்படி இருக்கும்:

/டைம்ஸ்-ரோமன்   /நிம்பஸ்-ரோமன் ;
/நிம்பஸ்-ரோமன்   (எழுத்துருக் கோப்பின் பெயர்) ;

முதல் வரி, ஒரு பெயருக்கு இன்னொரு பெயரைக் காட்டுகிறது. "டைம்ஸ் கேட்டால் நிம்பஸைக் கொடு" என்பது பொருள். இரண்டாம் வரி, அந்தப் புதுப் பெயருக்கு உரிய உருவங்கள் எந்தக் கோப்பில் உள்ளன என்று காட்டுகிறது. சாய்கோட்டை அடுத்து வருவது எழுத்துருப் பெயர்; அடைப்புக்குறிக்குள் வருவது கோப்பின் பெயர்; வரியை முடிப்பது அரைப்புள்ளி. ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வேறு வேறாகவே கொள்ளப்படும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பொருத்தம் கிட்டாது.

வீட்டு எண் தெரியாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வரும் விருந்தாளிக்கு வழிகாட்டும் தெருக்கோடிக் கடைக்காரரைப் போன்றது இப்பட்டியல். அவர் தவறாகக் கைகாட்டினால் விருந்தாளி வேறு வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

தொடக்க ஆண்டுகளில் கோஸ்ட்ஸ்கிரிப்டுடன் வந்த இலவச எழுத்துருக்கள் நயம் குறைந்தவை. 1996இல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த யு.ஆர்.டபிள்யூ. நிறுவனம், அந்த 35 எழுத்துருக்களுக்கும் ஈடான 35 எழுத்துருக்களை யாவரும் பயன்படுத்தும் பொது உரிமத்தின்கீழ் வழங்கியது. டைம்ஸுக்கு நிம்பஸ் ரோமன், ஹெல்வெட்டிகாவுக்கு நிம்பஸ் சான்ஸ், பலட்டினோவுக்குப் பல்லாடியோ என்று இணைகள் அமைந்தன.

பெயரை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். டைம்ஸ், ஹெல்வெட்டிகா என்பன வணிகப் பெயர்கள். உரியவரன்றிப் பிறர் சூட்டிக்கொள்ள இயலாது. அமெரிக்கச் சட்டத்திலோ எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. எனவே, ஏறத்தாழ ஒரே வடிவம் பல பெயர்களில் உலவுகிறது. பெயர் மாறிய வடிவத்தைப் பழைய பெயரோடு சேர்த்துவைக்கும் வேலையையே பொருத்தக் கோப்பு செய்கிறது.

அகலம் பிசகினால்

பெயருக்கு ஏதோ ஓர் உருவம் கிடைத்தால் போதுமா? போதாது. பக்கம் அமைக்கும்போதே ஒவ்வோர் எழுத்துக்கும் எவ்வளவு இடம் என்று கணக்கிட்டாகிவிட்டது. பதிலாக வரும் எழுத்து அதே இடத்தில் அடங்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். போஸ்ட்ஸ்கிரிப்டில் எழுத்தின் அளவை 1,000 பங்காக்கி அகலங்களைக் குறிப்பார்கள். டைம்ஸ்-ரோமனில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளான 'எல்', 'ஐ', 'டி' ஆகிய ஒவ்வொன்றுக்கும் அகலம் 278. 'ஈ' எழுத்துக்கு 444. இவற்றாலான 'லிட்டில்' என்னும் ஆறெழுத்து ஆங்கிலச் சொல்லின் மொத்த அகலம் 1,834. அதாவது, 10 புள்ளி அளவில் 18.34 புள்ளி. தட்டச்சுப் பொறியின் எழுத்தைப் போன்ற கூரியரிலோ எல்லா எழுத்துக்கும் அகலம் 600. அதே சொல் 36 புள்ளியைப் பிடித்துக்கொள்கிறது; ஏறத்தாழ இரு மடங்கு!

கேட்ட எழுத்துரு கிடைக்காதபோது பல அச்சுப்பொறிகள் கூரியரைத்தான் எடுத்துக்கொண்டன. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வரிகள் ஓரத்தைத் தாண்டி, அட்டவணைகள் குலைந்து பக்கம் வெளிவந்ததன் காரணம் இதுவே. நிம்பஸ் போன்ற மாற்று எழுத்துருக்களின் சிறப்பு, மூலத்தின் அகலங்களை எழுத்துக்கு எழுத்து அப்படியே காத்ததுதான். 1982இல் உருவான ஏரியல் எழுத்துருவும் ஹெல்வெட்டிகாவின் அகலங்களை ஒட்டியே அமைந்தது. வளைவுகள் வேறானாலும் வரி பிசகாது.

எண்ணுக்கும் ஒரு பட்டியல்

பெயர் பொருந்தி, அகலமும் பொருந்திவிட்டது என்று கொள்வோம். இன்னும் ஒரு படி மிச்சமிருக்கிறது. எழுத்துருவின் உள்ளே எத்தனையாவது எண்ணில் எந்த எழுத்து அமர்ந்திருக்கிறது? இதைச் சொல்வது குறியீட்டுப் பட்டியல். டெக் தந்த கோப்பைப் போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றும் 'டிவிப்ஸ்' என்னும் மென்பொருளை டோமஸ் ரோக்கிக்கி எழுதினார். அதன் பொருத்தக் கோப்பில் டெக் அறிந்த பெயர், போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர், குறியீட்டுப் பட்டியலின் பெயர், உருவங்கள் உள்ள கோப்பின் பெயர் ஆகியவை ஒரே வரியில் இடம்பெறும்.

இங்கே நேர்ந்த ஒரு வேடிக்கையான பிழையைச் சொல்லவேண்டும். கனூத்தின் எழுத்துருக்களில் பல எழுத்துகள் 0 முதல் 32 வரையுள்ள எண்களில் அமர்ந்திருந்தன. சில மென்பொருள்கள் இந்தச் சிறிய எண்களைச் சரியாகக் கையாளவில்லை. எனவே, அவ்வெழுத்துகளை 161 முதலான பெரிய எண்களுக்கு இடம் மாற்றும் ஏற்பாடு ஒன்றை டிவிப்ஸில் சேர்த்தனர். 2ஆம் எண் 163 ஆகும். கனூத்தின் எழுத்துருக்களுக்கு இது பொருந்தியது. ஏனெனில், அவற்றின் புதிய பதிப்புகளில் இரு இடங்களிலும் அதே எழுத்து வைக்கப்பட்டிருந்தது. டைம்ஸ் போன்றவற்றுக்கான பட்டியலிலோ 2ஆம் இடத்தில் ஆங்கில 'எஃப்', 'ஐ' இரண்டும் ஒட்டிய கூட்டெழுத்தும், 163ஆம் இடத்தில் இங்கிலாந்து நாணயமான பவுண்டின் குறியும் இருந்தன. விளைவு, கூட்டெழுத்து வரவேண்டிய இடமெல்லாம் பவுண்டுக் குறி முளைத்தது! கோப்பில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. இரு பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவே.

தமிழர்களுக்கு இந்த இடர் வேடிக்கையாக நின்றுவிடவில்லை. 1990களில் தமிழ் எழுத்துருக்களை ஆக்கியவர்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் எழுத்துகளை அமர்த்தினர். ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்றபடி வரிசை வகுத்தனர். ஓர் எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரையை அது இல்லாத கணிப்பொறியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் பொதுக் குறியீட்டு முறைகளை அறிவித்தது. 1991இலேயே வெளிவந்த யூனிகோடு முறையில், எழுத்துரு எதுவானாலும் 'அ' எழுத்துக்கு 2949, 'க' எழுத்துக்கு 2965 என எண்கள் நிலையாக வகுக்கப்பட்டிருந்தன. இதனைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. ஆயினும், பழைய முறையில் சேமித்த கோப்புகள் இன்றும் பலரிடம் உள்ளன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டுமானால், அந்தந்த எழுத்துருவின் எண்வரிசைப் பட்டியல் கையில் இருக்கவேண்டும். பட்டியல் தொலைந்தால் எழுத்து இருந்தும் படிப்பு இல்லை.

உருவத்தையும் கூட அனுப்புதல்

1993இல் அடோபி வெளியிட்ட பி.டி.எஃப். கோப்பில், எழுத்துருக்களைக் கோப்பினுள்ளேயே பொதிந்து அனுப்ப வழி இருந்தது. ஆயினும் 14 எழுத்துருக்களைப் பொதியாமல் விடலாம் என்ற சலுகையும் உடனிருந்தது. நீண்டகாலச் சேமிப்புக்கென 2005இல் வந்த பன்னாட்டுத் தரமான பி.டி.எஃப்-ஏ அந்தச் சலுகையை நீக்கிற்று. பயன்படுத்திய எழுத்துருக்கள் எல்லாவற்றையும் பொதிந்தே தீரவேண்டும் என்பது அதன் விதி. ஆவணம் எழுதப்பட்டு ஐம்பது ஆண்டுகள் கழித்துத் திறப்பவரிடம் டைம்ஸும் இருக்காது, அதற்கு ஈடானதும் இருக்காது என்று எண்ணியே இவ்விதி வகுக்கப்பட்டது.

ஆக, ஈய எழுத்தைப் போலவே, எழுத்து மறுபடியும் பக்கத்தோடு கூடவே பயணம் செய்யத் தொடங்கியிருக்கிறது. பொதியாமல் விட்ட பழைய கோப்புகளுக்கு மட்டும் பொருத்தக் கோப்பே இன்றும் துணை. உங்கள் ஆய்வேட்டையோ ஊர் வரலாற்றையோ கணிப்பொறியில் சேமிக்கும்போது இதை நினைவிற் கொள்ளுங்கள்: எண்ணுக்கு யூனிகோடு, உருவத்துக்குப் பொதிவு. இவ்விரண்டும் இருந்தால், நாளை அதைத் திறக்கும் பேரப்பிள்ளைகள் நீங்கள் எழுதியதை எழுதியபடியே படிப்பார்கள்.